இந்த பின்கோடுக்கு வராது

ஹட் பே
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியவில்லை. போன மாதம் போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு வெளியே, பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை கத்தினாளே, அவளுடைய அம்மா நான். பெயர் ஷீலா. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் யாரையும் பார்க்காமல் உங்கள் துப்பட்டாவை எடுத்து பெஞ்சின் மேல் திரை மாதிரி தொங்கவிட்டீர்கள். அவள் சத்தம் நின்றது. பக்கத்தில் உங்கள் மகன் சுவரில் முதுகை உரசிக்கொண்டு நின்றான். மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தீர்கள்.

ஃபோனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். நான் ஃபோனைக் காதில் வைத்தால் என் மகள் ப்ரியங்கா சுவரில் போய்த் தலையை முட்டிக்கொள்கிறாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் ஃபோன் எப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது. பிடுங்கினால் அன்றைய பொழுது போச்சு. பேனாவுக்குச் சத்தம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். படக் கார்டுகள், சென்சரி சாமான்கள் வாங்கி வீட்டிலேயே பழக்குங்கள் என்றார். எந்தக் கடையில் என்று கேட்டேன். ஆன்லைனில் கிடைக்கும் என்றார். வீட்டுக்காரர் ஃபோனில் பார்த்தார். ஊஞ்சல், கனமான போர்வை, அமுக்கினால் உப்பும் பந்து எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு வரி வந்தது: இந்த பின்கோடுக்கு வராது. அவர் ஃபோனை வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அவருக்கு இந்தத் தீவின் டீசல் பவர் ஹவுஸில் வேலை. அவருடைய அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் மூடி ரொம்ப காலம் ஆகிறது. மரம் மட்டும் நிற்கிறது.

ரேஷன் கடையில் ஒருத்தி என் காதுபடவே "பாகல் பச்சி", பைத்தியக்காரப் பிள்ளை, என்றாள். எனக்கு ஹிந்தி புரியாது என்று நினைத்தாளோ என்னவோ.

அக்கா, அந்தச் சாமான்களை நீங்கள் எங்கே வாங்கினீர்கள்? அதை மட்டும் சொன்னால் போதும். வேறு தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு
ஷீலா சிவபிரகாஷ்


போர்ட் பிளேயர்
27 பிப்ரவரி 2024

அன்புள்ள ஷீலாவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. உன் மகள் பெஞ்சுக்கு அடியில் போனதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் நினைப்பேன்.

எங்கே வாங்கினேன் என்று கேட்டிருக்கிறாய். ஹாதிக்கு இப்போது பதிமூன்று வயது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. 'குணமாகிவிடுமா' என்று கேட்பார்கள். 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா' என்று கேட்பார்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாக நீதான் முதலில் கேட்டிருக்கிறாய். ஆகவே நிறைய எழுதப்போகிறேன், சகித்துக்கொள்.

எதையும் நான் வாங்கவில்லை. எங்கள் பின்கோடுக்கும் அந்த நாட்களில் ஒன்றும் வராது. மெயின்லேண்டிலிருந்து ஒரு முறை படக் கார்டு வரவழைத்தேன். அதில் ஆப்பிள், ரயில், பனி மனிதன். ஹாதி ரயிலை எங்கே கண்டான்? கார்டைக் கடித்துத் துப்பினான். பிறகு நானே ஃபோட்டோ எடுத்தேன். எங்கள் வீட்டுக் குழாய், எங்கள் வீட்டுத் தட்டு, அவன் செருப்பு, பஜாருக்குப் போகும் ஆட்டோ. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தேன். அவற்றை அவன் கடிக்கவில்லை. நீயும் உன் வீட்டையே எடு. அவள் குடிக்கும் டம்ளர், அவளுடைய டம்ளராகவே இருக்க வேண்டும்.

கனமான போர்வை என்பது இதுதான்: பழைய படுக்கை விரிப்பைக் கட்டம் கட்டமாகத் தைத்து உள்ளே எதையாவது நிரப்புவது. நான் முதலில் பாசிப்பயறு போட்டேன். மழைக்காலத்தில் வண்டு வந்து, போர்வை தானாக நகர ஆரம்பித்தது. இப்போது கழுவிக் காயவைத்த சின்னக் கூழாங்கல். தலையை மூடாமல் மடியில், காலில் மட்டும் போடு. அவளாகத் தள்ளினால் விட்டுவிடு.

ஊஞ்சல் ஒன்று அனுப்புகிறேன், ஹாதிக்குச் சின்னதாகிவிட்டது. உடம்பு முழுவதும் உள்ளே போகிற மாதிரி தைத்தது. தூளி மாதிரிதான். அவளைத் தூக்கி உள்ளே வைக்காதே. தொங்கவிட்டுவிட்டு நீ வேறு வேலை பார். அவளாக வருவாள். வராவிட்டாலும் நாளைக்கும் தொங்கட்டும். உங்கள் ஊர்க் காத்தமுத்து சரக்கு எடுக்க எங்கள் பாத்திரக் கடைக்கு வருவார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஹாதி என்னைவிட உயரமாகிவிட்டான். கோபம் வந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவான். முன்பெல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், இப்போது பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன். பஜாருக்கு நாங்கள் பழகிவிட்டோம் என்று நினைக்கிறேன், அல்லது பஜார் எங்களைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டது.

தொந்தரவு செய். எழுது.

அன்புடன்
மெஹருன்னிசா


ஹட் பே
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஊஞ்சலை நடு உத்தரத்தில் கட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரி திரும்பிப் பார்க்காமல் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அவள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அதன் கயிற்றை நக்கிப் பார்த்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் வீட்டில் சத்தமே இல்லை. சத்தம் இல்லை என்றால் எனக்குப் பயம். ஓடி வந்து பார்த்தால் ஊஞ்சலுக்குள் சுருண்டு கிடக்கிறாள், ஒரு கால் மட்டும் வெளியே. தூங்கிவிட்டாள் அக்கா. பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு டீ போட்டு உட்கார்ந்து குடித்தேன். சூடாகக் குடித்தேன்.

வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். கெட்டவர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மற்றவர்களுடைய ஷிஃப்டையும் இவரே வாங்கிப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் இஞ்சின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "என்னா செய்யச் சொல்றே என்னை?" என்று ஒரு நாள் கேட்டார். அதற்கு அப்புறம் கேட்கவில்லை.

போன வாரம் பவர் ஹவுஸில் காதில் மாட்டும் பழைய மூடி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ப்ரியங்காவுக்குப் பெரிசாக இருந்தது, மேலே துணி சுற்றி இறுக்கினேன். இப்போது மிக்ஸி போட்டாலும் கத்துவதில்லை. அதை அவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

ஒரு சந்தேகம். நாங்கள் வீட்டில் தமிழ். வெளியே எல்லாரும் ஹிந்தி. அங்கன்வாடி தீதி வங்காளி, பாட்டெல்லாம் ஹிந்தியில் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்கூலுக்குப் போனால் இங்கிலீஷ். கார்டில் எந்த பாஷையில் எழுத? அவளுக்கு ஒரு வார்த்தையும் வராதபோது, எந்த வார்த்தைக்காக நான் காத்திருப்பது?

ஹாதி எப்படி இருக்கிறான்?

ஷீலா


போர்ட் பிளேயர்
2 ஜூன் 2024

அன்புள்ள ஷீலாவுக்கு,

தமிழில் எழுது. நீ தூக்கத்தில் பேசும் பாஷை எதுவோ, அதில். மற்றதை ஊர் சொல்லிக்கொடுக்கும், அல்லது சொல்லிக்கொடுக்காது.

கேட்டாயே, ஹாதி எப்படி இருக்கிறான் என்று. சொல்கிறேன்.

பெருநாளுக்கு முன்னால் கடையில் கூட்டம். நான் அவனைக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கக் கூடாது. வீட்டில் விட ஆள் இல்லை. யாரோ ஒரு பெண் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், ஓட்டை இருக்கிறதா என்று. ஹாதி காதைப் பொத்தினான். நான் அவளிடம் ஹிந்தியில் கெஞ்சினேன். "ஏக் மினிட்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டான். அவள் இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

அந்த வீட்டார் நல்லவர்கள், புகார் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் புகார் எழுந்துவிட்டது. ஹாதியின் அத்தா நூருல்லா, என்னிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசாதவர், அன்று உட்கார்ந்து அழுதார். "மெஹரு, இவன் வளர்ந்துட்டான். நீ வளரலையே. ஒத்தையா நீ எத்தனை நாளைக்குப் புடிச்சு நிறுத்துவே?" என்றார். அவருடைய தம்பி ராமநாதபுரத்திலிருந்து ஃபோன் செய்து, மதுரைப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது, இவனைப் போன்ற பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள் என்று சொன்னார். அந்த இடத்தின் படங்கள் வந்தன. சுத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாப் படத்திலும் மரங்கள். ஒரு படத்திலும் அம்மாக்கள் இல்லை.

இங்கே அவன் பகலில் போய்வந்த பயிற்சிப் பள்ளியில், இந்த வயதுக்கு மேல் சமாளிக்க எங்களிடம் ஆள் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதை உனக்கு எழுதுவதே எங்காவது ஓர் இடத்தில் அதைச் சொல்லி வைக்கத்தான். வீட்டில் நான் பேசினால் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், டிக்கெட் தேதி பார்க்கிறார்கள்.

மெஹருன்னிசா


ஹட் பே
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடல் சரியில்லை, கப்பல் நின்றுவிட்டது. காத்தமுத்து அண்ணன் சரக்கு இல்லாமல் கடையைச் சாத்திவிட்டுச் சீட்டு விளையாடுகிறார். இந்தக் கடிதம் எப்போது கிடைக்குமோ.

அனுப்பாதீர்கள் அக்கா. உங்களுக்குச் சொல்ல நான் யார் என்று தெரியும். ஆனாலும் அனுப்பாதீர்கள். 'வராவிட்டாலும் நாளைக்கும் தொங்கட்டும்' என்று எனக்கு எழுதியது நீங்கள்தானே. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருக்கிறேன் தெரியுமா. உங்கள் வீட்டுக்காரரிடம் நானே வந்து பேசட்டுமா? பேசத் தெரியாது, ஆனால் வருவேன்.

ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இந்த நேரத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். ப்ரியங்கா கார்டு கொடுத்தாள். ஊஞ்சலைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அவள் வந்து உத்தரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. போய்க் கார்டுகளைக் கொட்டினாள். ஊஞ்சல் படத்தை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். விரலைப் பிரித்துத் திணித்தாள் அக்கா. ஈர ஊஞ்சலை அப்படியே எடுத்து மாட்டினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஆடினாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவர் டியூட்டியில் இருந்தார். வாசலுக்குப் போனேன். மழையில் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. உள்ளே வந்துவிட்டேன். அதுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அனுப்பாதீர்கள்.

ஷீலா


போர்ட் பிளேயர்
19 செப்டம்பர் 2024

ஷீலாவுக்கு,

உன் ஜூலைக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாங்கள் ஆகஸ்டிலேயே போய்விட்டு வந்துவிட்டோம்.

விமானத்தில் அவன் உட்கார மாட்டான் என்று சென்னைக் கப்பலில் போனோம். எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் டெக்கில் மல்லாந்து படுத்து, கப்பலின் அதிர்வு முதுகில் ஏற ஏறச் சிரித்துக்கொண்டிருந்தான். அத்தனை சந்தோஷமாக அவனை நான் கண்டதே இல்லை. எங்கே போகிறோம் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. கார்டு தயாரித்திருந்தேன், அந்த இடத்தின் கேட், படுக்கை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் படமாக. பையிலிருந்து எடுக்கவில்லை.

அங்கே விட்டோம். கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்தோம்.

காத்தமுத்துவிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். ஹாதியின் கார்டுகள், போர்வை, மொட்டு மொட்டாக ரப்பர் வைத்த பாய், மணிகள் கோக்கும் பலகை, நான் அவனுக்குத் தைத்த கையில்லாச் சட்டைகள். சின்ன வயதில் தைத்தவை, ப்ரியங்காவுக்குச் சரியாக இருக்கும். இனி இந்த வீட்டில் இவற்றுக்கு வேலை இல்லை.

மெஹருன்னிசா


ஹட் பே
3 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. வாசலிலேயே கிடக்கிறது. நான் திறக்கவில்லை.

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினீர்கள். அப்புறம் கையெழுத்துப் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டுக்காரர் நல்லவர், உங்களுக்குப் படிப்பு இருக்கிறது, கடை இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. உங்களாலேயே முடியவில்லை என்றால் என்னால் எப்படி முடியும்? ப்ரியங்காவுக்கும் பதிமூன்று வயது வரும். அவளும் உயரமாவாள். அவள் பெண் பிள்ளை வேறு.

இதுவரைக்கும் நான் எதைப் பார்த்து நடந்தேனோ அதையே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். எடுத்துவிட்டு, சாமான்களை எனக்கு அனுப்புகிறீர்கள். செத்த வீட்டிலிருந்து துணி அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

உயிரோடு இருக்கிற பிள்ளையின் சட்டையை என் மகளுக்கு நான் எப்படிப் போடுவது?

ஷீலா


ஹட் பே
25 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. காத்தமுத்து அண்ணனிடம் கேட்டேன். "கடை தொறந்துதான் இருக்கு. அந்தம்மாவைத்தான் காணோம்" என்றார். உடம்பு சரியில்லையா? என்மேல் கோபமா? கோபமாக இருந்தால் பரவாயில்லை. உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

பெட்டியை நான் திறக்கவில்லை, அவள் திறந்துவிட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் ரப்பர் பாயை விரித்து அதன்மேல் நின்று குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நீலச் சட்டையைத் தலையில் சுற்றியிருந்தாள். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது தினமும் அதைத்தான் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். துவைத்தால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

நடுவில் ஒரு வங்காளி அம்மா வந்தாள். இந்தத் தீவிலேயே ராமகிருஷ்ணபுரத்திலிருந்து, நாலு வயசுப் பையனோடு. அங்கன்வாடி தீதி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவனும் பேசுவதில்லை, விரலைக் கண்முன் ஆட்டிக்கொண்டே இருக்கிறான். நான் ஊஞ்சலைத் தொங்கவிட்டுவிட்டு, "ஆப் உதர் மத் தேக்கோ", நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், என்று அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் ஹிந்தி கடை ஹிந்தி. அவளுடையதும் அப்படித்தான். முருங்கைக் கீரை ஆய்ந்தோம். எனக்கு அது போதும் போல் இருந்தது. இரண்டு தரம் வந்தாள். அப்புறம் வரவில்லை. கப்பல் ஜெட்டியில் பார்த்தேன், கூட அவள் புருஷன், மாமியார். என்னைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் கப்பலைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

வீட்டுக்காரர் ஊஞ்சல் கயிறு நைந்துவிட்டது என்று புதுக் கயிறு கட்டினார். நான் சொல்லவில்லை, அவரே பார்த்துக் கட்டினார்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஷீலா


போர்ட் பிளேயர்
20 ஜனவரி 2025

அன்புள்ள ஷீலாவுக்கு,

உன்மேல் கோபம் இருந்தது. செத்த வீடு என்று எழுதினாயே, அந்த வரிக்காக. பிறகு கோபம் போய்விட்டது, ஏனென்றால் அது உண்மை. காலையில் எழுந்து தோசை ஊற்றினேன் என்றால் முதல் தோசையைக் கிழித்து ஆற வைத்துவிட்டுத்தான் அவன் இல்லை என்பது ஞாபகம் வரும். குளியலறைக் கதவை இன்னும் நான் தாழ் போடுவதில்லை. சமையல்கட்டில் கத்தியை மேல் பலகையில் ஒளித்துவைத்து, பிறகு நானே எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். வீடு முழுக்க அவனுக்காக வளைந்த வீடு. நிமிர்த்தத் தெரியவில்லை.

டிசம்பரில் முடிவு செய்தேன். நூருல்லாவிடம், "நான் போய்க் கூட்டிட்டு வந்துடப் போறேன். நீங்க கடையைப் பாருங்க, நான் அவனைப் பார்த்துக்கிறேன்" என்றேன். அவர் தடுக்கவில்லை. திரும்பி வர எனக்கும் அவனுக்குமாகக் கப்பலில் படுக்கை டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். "எனக்கும் புள்ளதான், மெஹரு" என்று மட்டும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு டீச்சர், மதுரைக்காரப் பெண், ப்ரியங்கா என்று பெயர், உன் மகள் பெயர்தான். "இப்ப உள்ள போனீங்கன்னா சாப்பாட்டை விட்டுட்டு வந்துருவான்மா. சாப்பிடட்டும். இங்குட்டு வந்து பாருங்க" என்று சமையலறை ஜன்னல் பக்கம் நிறுத்தினாள்.

ஹாதி வரிசையில் நின்றான். கையில் தட்டு. அவனுக்கு முன்னால் அவன் இடுப்பளவுக்கு ஒரு குட்டிப் பையன், அந்தப் பையன் குனிந்து தரையில் எதையோ பார்த்துக்கொண்டு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்களும் அப்படியே நின்றார்கள். ஹாதி உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான். தள்ளிவிடப் போகிறான் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் தள்ளவில்லை. காத்திருந்தான். அந்தப் பையனாக நிமிர்ந்து, நகர்ந்து, சோறு வாங்கிக்கொண்டு போகும் வரை காத்திருந்தான். பிறகு ஓரடி முன்னால் வந்து தட்டை நீட்டினான்.

ஷீலா, என் வீட்டில் அவன் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. நான் காத்திருக்க விட்டதில்லை. அவன் கையை நீட்டுவதற்குள் தட்டு வந்துவிடும். அவனுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைப் பார்த்தான். வந்தான். என் கழுத்துப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து முகர்ந்தான், ரொம்ப நேரம். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவனுடைய கட்டிலைக் காட்டினான். சட்டைகள் மடித்திருந்தன. யார் மடித்தது என்று கேட்டேன். "அவன்தான்மா. கோணலாத்தான் மடிப்பான், நாங்க அப்படியே விட்டுருவோம்" என்றாள் டீச்சர். மறுபடி மணிக்கட்டைப் பிடித்து கேட் பக்கம் நடந்தான். வீட்டுக்கு வருகிறான், என்னோடு வருகிறான் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்தான். என்னை வெளியே விட்டான். அவன் உள்ளேயே நின்று கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, அது சரியாக விழுந்ததா என்று ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். உள்ளே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற நேரமாம்.

டீச்சர் ஓடி வந்தாள். "அம்மா, மனசுல வச்சுக்காதீங்க. யார் வந்தாலும் வழியனுப்பிட்டுக் கேட்டைச் சாத்துறது அவன் வேலை. உங்களை வேணாங்கலை" என்றாள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் எந்தக் கார்டும் நான் செய்யவில்லை.

ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் அனுப்பியிருப்பார்கள். நான் அந்த வார்த்தையைச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். சாயங்காலம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

கப்பலில் அவன் படுக்கை காலியாக இருந்தது. கைக்குழந்தையோடு ஓர் அம்மா இடம் இல்லாமல் நின்றாள். கொடுத்துவிட்டேன்.

நான் சந்தோஷப்பட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் மகன் வரிசையில் நிற்கிறான், சட்டை மடிக்கிறான், நான் இல்லாமல். நான் இல்லாமல் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அவன் நன்றாக இருப்பதைப் பார்த்து அழுத அம்மாவை நீ பார்த்திருக்கிறாயா?

உன்னால் முடியுமா என்று கேட்டிருந்தாய். தெரியாது. முடிகிற வரைக்கும் முடியும். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்லிக்கொடுக்க நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நீ எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தம் இருக்காது.

மெஹருன்னிசா


ஹட் பே
7 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை எனக்குள் படித்தேன். மூன்றாவது தடவை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். இதுவரை உங்கள் கடிதம் எதையும் அவர் கேட்டதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். கேட் சாத்துகிற இடம் வந்தபோது எழுந்து உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும் கேட்டார், "அவங்க வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வருவமா? புள்ளையையும் கூட்டிக்கிட்டு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு அவர் கப்பல் ஜெட்டி வரைக்கும்கூட வந்ததில்லை அக்கா.

நான் உங்களிடம் ஒன்றும் கற்றுக்கொள்ள வரவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் அழுதால் நான் தேற்ற மாட்டேன், எனக்கு அது தெரியாது. கீரை இருந்தால் ஆய்ந்து தருவேன்.

ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் கப்பலில் கத்துவாள். உங்கள் வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டில் உள்ள எல்லா டப்பாவையும் திறந்து கொட்டுவாள். உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். கத்தி மேல் பலகையிலேயே இருக்கட்டும். குளியலறைத் தாழ் போட வேண்டாம். வீட்டை அவசரப்பட்டு நிமிர்த்திவிடாதீர்கள்.

அடுத்த புதன்கிழமைக் கப்பலுக்கு இவர் டிக்கெட் கேட்டிருக்கிறார், கடல் நன்றாக இருந்தால்.

வரட்டுமா?

ஷீலா